பழைய கடைக் கொப்பியில் இருக்கும் பீங்கான் விலையை வைத்து ஆண்டு கண்டுபிடிக்கலாமா? (முல்லைத்தீவு)

முல்லைக்கரை எழுதியது:

வணக்கம். எங்கள் பாட்டனாரின் தகப்பன் முல்லைத்தீவு ரவுணில் ஏதனக்கடை (பாத்திரக்கடை) வைத்திருந்தவர். அவருடைய கணக்குக் கொப்பி ஒன்று பெரியம்மாவோடு வவுனியாவில் இருந்ததால் 2009 இல் தப்பிவிட்டது, வீட்டில் இருந்த மற்ற எல்லாம் போய்விட்டது என்று சொல்லத் தேவையில்லை. கொப்பியின் முதல் தாள்கள் கிழிந்துபோனதால் ஆண்டு எங்கேயும் இல்லை. மாதமும் நாளும் மட்டும் தமிழ் மாதக் கணக்கில் இருக்கிறது.

உள்ளே சீமைப் பீங்கான் வாங்கிய கணக்கு நிறைய. உதாரணத்துக்கு ஒரு பக்கத்தில்: வெள்ளைச் சாப்பாட்டுக் கோப்பை (சாப்பாட்டுத் தட்டு) டசன் 1, ரூபா 1 சதம் 75. வரிக்கோப்பை டசன் 1, ரூபா 2. நீலப்பூக் கோப்பை டசன் 1, ரூபா 2 சதம் 60. அதோடு கிண்ணம், மூடிபோட்ட கறிச்சட்டி, கைகழுவும் பெரிய கோப்பை என்று போகிறது.

இங்கிலாந்துப் பீங்கானுக்குப் பழைய விலைப் பட்டியல்கள் இருக்கின்றன, அவற்றை வைத்துப் பீங்கானின் காலத்தையும் பெறுமதியையும் சொல்லலாம் என்று ஒருவர் சொன்னார். என் கேள்வி இரண்டு. இந்த விலைகளை வைத்துக் கொப்பியின் காலத்தைப் பிடிக்கலாமா? பெரியம்மாவிடம் அதே கடையிலிருந்து வந்த இரண்டு கோப்பை இருக்கிறது, அவற்றின் இன்றைய பெறுமதியைப் பழைய விலையிலிருந்து கணக்குப் போடலாமா? வளவில் அத்திவாரம் வெட்டும்போது வந்த உடைந்த துண்டுகளும் கொஞ்சம் இருக்கின்றன, அவை வேறு கதை.

---

நெடுங்கேணி நேசன்:

கோப்பை இரண்டையும் கொழும்புக்குக் கொண்டுபோய் யாராவது பழைய பொருள் வாங்குகிறவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் விலைதான் விலை. நூறு வருசத்துக்கு முந்திய பட்டியலை வைத்து இப்ப என்ன செய்யப் போகிறீர்கள்? துண்டுகள் முல்லைத்தீவுக் கோட்டைப் பக்கம் வந்ததென்றால் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 இல் கோட்டையைப் பிடித்தபோது வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடின பீங்கானாகவும் இருக்கலாம், அதை முதலில் பாருங்கள் 😄

---

சுட்டமண்:

நேசன் அண்ணை பகிடிக்குச் சொன்னாலும் துண்டுகளைப் பற்றிப் பிறகு வருகிறேன், அதில் விசயம் இருக்கிறது. முதலில் விலைப் பட்டியல்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்ற பகுதியில்தான் அந்தக் காலத்துப் பீங்கான் தொழிற்சாலைகள் குவிந்திருந்தன. ஒருவரோடு ஒருவர் விலையைக் குறைத்து அடிபடாமல் இருக்க, முதலாளிமார் கூடி இன்ன சாமானுக்கு இன்ன விலை என்று பட்டியல் அச்சடித்தார்கள். 1796, 1814, 1846 பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. ஜோர்ஜ் மில்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பட்டியல்களையும் வியாபாரிகளின் பில்களையும் சேர்த்து 1980 இல் ஒரு கட்டுரை எழுதினார், 1991 இல் அதைத் திருத்தி விரிவாக்கினார். அவர் செய்தது சுலபமான வேலை, ஆனால் கெட்டித்தனமான வேலை. ஒன்றும் போடாத வெறும் கிரீம் நிறப் பீங்கான்தான் எப்போதும் ஆக மலிவு, வியாபாரிகள் அதைச் சுருக்கமாக சி.சி. என்பார்கள். அதன் விலையை 1 என்று வைத்து, அதே அளவில் அதே வடிவில் இருக்கும் மற்றச் சாமான் அதைப்போல எத்தனை மடங்கு என்று பார்த்தார். அந்த மடங்குதான் சுட்டெண்.

பட்டியலில் தரம் போட்டிருந்த விதம் இப்படி: அடியில் வெறும் வெள்ளை (மேலே சொன்ன சி.சி. தான்). அதற்கு மேல் பெரிய கைத்திறன் தேவைப்படாத அலங்காரம், அதாவது விளிம்பில் மட்டும் சாயம் தீட்டியது, பட்டை ஓட்டியது, பஞ்சில் தோய்த்து ஒற்றியது. அதற்கு மேல் தூரிகையால் பூ வரைந்தது. உச்சியில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சுப் பதித்தது, வில்லோ மரமும் பாலமும் போட்ட நீலக் கோப்பை எல்லாம் இந்த வகை. 1790களில் அச்சுப் பதித்தது வெறும் வெள்ளையைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு விலை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வரும்போது அது ஒன்றரை முதல் இரண்டு மடங்காக இறங்கிவிட்டது. உங்கள் கொப்பிக்கு இதுதான் முக்கியம்.

உங்கள் கணக்கு: நீலப்பூ 2.60, வெள்ளை 1.75, வகுத்தால் ஏறக்குறைய 1.5. வரிக்கோப்பை 1.14. நீலப்பூ என்று எழுதியது அச்சுப் பதித்த கோப்பையாக இருந்தால், இந்த விகிதம் 1800க்குக் கிட்டவும் பொருந்தாது, 1850 அல்லது அதற்குப் பிறகு என்றால் பொருந்தும். ஆனால் எத்தனை ஆண்டு பிறகு என்று விகிதம் சொல்லாது, மில்லரின் அட்டவணையே 1880 உடன் நின்றுவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. கோப்பைக்கு டசன் என்றால் பன்னிரண்டுதான், அங்குல அளவுக்கு ஏற்ப விலை மாறும். கிண்ணம், மக், கூசா போன்ற குழிச் சாமானுக்கு அப்படியல்ல. குயவனின் டசன் என்று ஒன்று இருந்தது: டசனின் விலை மாறாது, அளவுக்கு ஏற்ப எண்ணிக்கை மாறும். பெரிய கிண்ணம் ஆறு சேர்ந்தாலே ஒரு டசன், சின்ன மக் 24 அல்லது 36 சேர்ந்தால்தான் ஒரு டசன். உங்கள் பூட்டனார் அந்த வழக்கத்தில் எழுதினாரா சாதாரண டசனில் எழுதினாரா என்று தெரியாமல் கிண்ணத்தின் விலையை வகுக்க வெளிக்கிட்டால் தலைகீழாகப் போகும். கோப்பை விலைகளோடு மட்டும் நில்லுங்கள்.

---

சில்லறைக்கணக்கு:

சுட்டமண் சொன்னது சரி, ஆனால் அந்தப் பட்டியல்களை நேராக முல்லைத்தீவில் கொண்டுவந்து வைக்க முடியாது. நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன், பீங்கான் தெரியாது, காசு தெரியும்.

முதலாவது, சதம். இலங்கையில் ரூபாவை நூறு சதமாகப் பிரித்தது 1872 இல். அதற்கு முன்னர் அரசாங்கக் கணக்கு பவுண், சிலிங், பென்ஸ். ஆகவே சதம் எழுதிய பக்கம் எதுவும் 1872க்கு முந்தியது அல்ல. விகிதம் எல்லாம் பார்க்க முதலே இது தெரிந்துவிடுகிறது!

இரண்டாவது, கப்பல் கூலி. மலிவுப் பீங்கானும் விலை கூடிய பீங்கானும் பெட்டியில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். ஆகவே கூலி, வைக்கோல், உடைவு, கொழும்பு வியாபாரியின் கமிசன் எல்லாம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே தொகையாக ஏறும். இங்கிலாந்தில் டசன் வெள்ளை 2 சிலிங், பூப்போட்டது 4 சிலிங் என்று வையுங்கள் (சும்மா ஒரு கணக்குக்கு). மடங்கு 2. இரண்டிலும் 1 சிலிங் கூலி ஏறினால் 3, 5. மடங்கு 1.67 ஆகிவிடும். அதாவது துறைமுகத்திலிருந்து தூரம் போகப் போக மடங்கு சுருங்கும். முல்லைத்தீவில் 1.5 என்றால் தொழிற்சாலை வாசலில் அது 2க்குக் கிட்டவும் இருந்திருக்கலாம்.

மூன்றாவது, ரூபாவின் சரிவு. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபா ஏறக்குறைய 2 சிலிங். வெள்ளி விலை விழ விழ ரூபாவும் விழுந்து, 1890களின் கடைசியில் 1 சிலிங் 4 பென்சில் வந்து நின்றது. இங்கிலாந்தில் 2 சிலிங் விலை மாறாமல் இருக்கும் ஒரு சாமான் இங்கே 1 ரூபாவிலிருந்து 1 ரூபா 50 சதமாக ஏறியிருக்கும், பீங்கான் தொழிலில் ஒன்றுமே நடக்காமல். ஆகவே கொப்பியில் விலை ஏறினதைப் பார்த்து "ஓ, அங்கே விலை கூடிவிட்டது" என்று முடிவு எடுக்காதீர்கள்.

என் யோசனை, பீங்கானை விடுங்கள், கூலிப் பதிவுகளைப் பாருங்கள். தோணியா, வண்டியா, ரயிலா?

---

சுட்டமண்:

கூலிக் கணக்கு நல்ல விளக்கம். இங்கிலாந்துப் பக்கத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு: பட்டியல் விலை பல ஆண்டுகள் அப்படியே நிற்கும், கழிவு (விலைத் தள்ளுபடி) மட்டும் கூடிக்கொண்டே போகும். பட்டியலில் இருப்பது வேறு, பில்லில் கட்டியது வேறு. அதனால்தான் மில்லர் பில்களையும் தேடிப் போனார்.

---

முல்லைக்கரை:

சில்லறைக்கணக்கு ஐயா, பார்த்தேன். முன்பகுதியில் "தோணிக்கூலி" என்று வருகிறது. பின்பகுதியில் "மாங்குளம் வண்டிக்கூலி" வருகிறது. தோணிப் பதிவு போகப் போகக் குறைந்து பிறகு இல்லாமலே போகிறது. வெள்ளைக் கோப்பை டசன் பின்பகுதியில் ரூபா 2க்கு மேல்.

அப்போ ரயில் வந்த காலத்தை இந்தக் கொப்பி தாண்டுகிறது என்று எடுக்கலாமா?

---

தண்ணீரூற்று:

மாங்குளம் என்று இருந்தால் மட்டும் போதாது தம்பி. கண்டி வீதி மாங்குளத்தால்தானே போகிறது, ரயில் வர முந்தியும் வண்டில்கள் அதால் வந்து போனவை, முல்லைத்தீவுப் பாதையும் அங்கேதான் பிரிகிறது. "ஸ்ரேசன்" என்றோ "புகையிரதம்" என்றோ "ரயில்" என்றோ எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வடக்குப் பாதை தெற்கோடு முழுதாக இணைந்தது 1905 இல். அந்தச் சொல் இருந்தால் பேச்சில்லை.

அதோடு துண்டுகளைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. இன்னும் கிடைக்கும் என்று வளவைத் தோண்ட வெளிக்கிடாதீர்கள். பழம்பொருள் தேடி அனுமதி இல்லாமல் அகழ்வது 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். மற்றது எங்கள் ஊர் நிலம். கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று எழுத்தில் உறுதி தராத காணியில் அலவாங்கு போடுகிறதே பிழை. அத்திவாரத்தில் வந்தது வந்ததாக இருக்கட்டும்.

---

முல்லைக்கரை:

அக்கா, தோண்டவில்லை, தோண்டவும் மாட்டேன். "மாங்குளம் ஸ்ரேசன் கூலி" என்று பின்பகுதியில் ஓர் இடத்தில் தெளிவாக இருக்கிறது! முன்பகுதியில் அந்தச் சொல் இல்லை.

கோப்பைகளின் பின்பக்கம் பார்த்து எழுதுகிறேன். ஒன்றில் சாய்சதுரம் மாதிரி ஒரு குறி, அதன் உச்சியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ரோம எண் நான்கு. சாய்சதுரத்தின் வலது மூலையில் "எஸ்" எழுத்து, மேல் மூலையில் ஒரு எண். மற்றதில் சாய்சதுரம் இல்லை, ஒரு முடியும் "இங்கிலாந்து" என்ற சொல்லும் மட்டும், கம்பனிப் பெயர் தேய்ந்துவிட்டது.

துண்டுகள் மூன்று வகை. ஒன்று பச்சை விளிம்பு, விளிம்பே நெளிநெளியாக இருக்கிறது. ஒன்று சிவப்பும் பச்சையுமாகப் பஞ்சில் ஒற்றின பூ, அடியில் மனிதத் தலையும் சிங்க உடம்புமாக ஏதோ உருவம். மற்றது வெறும் வெள்ளை.

---

சுட்டமண்:

அருமை, இதற்குத்தான் காத்திருந்தேன்.

சாய்சதுரம் என்பது பிரித்தானியாவின் வடிவமைப்புப் பதிவுக் குறி. 1842 முதல் 1883 வரை போட்டார்கள். வட்டத்துக்குள் நான்கு என்றால் பீங்கான் வகை. எழுத்துத்தான் ஆண்டு, ஆனால் ஒரே எழுத்து இரண்டு முறை வரும், அது நிற்கும் மூலையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். 1842 முதல் 1867 வரை ஆண்டெழுத்து மேல் மூலையில். 1868 முதல் 1883 வரை வலது மூலையில். மேலே "எஸ்" என்றால் 1849, வலதில் "எஸ்" என்றால் 1875. உங்களுடையது வலதில், மேலே நாள் எண் இருக்கிறது, எனவே 1875. ஆனால் அது அந்த வடிவத்தைப் பதிவு செய்த ஆண்டு, கோப்பையைச் சுட்ட ஆண்டு அல்ல. அந்த வகைக்குப் பாதுகாப்பு மூன்று ஆண்டு, ஓடுகிற சாமானாக இருந்தால் அதற்குப் பிறகும் செய்திருப்பார்கள். 1875க்கு முன்னர் அல்ல என்பது மட்டும் உறுதி.

மற்றக் கோப்பை: குறியில் நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு. வெளிநாட்டுச் சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890 இல் அமெரிக்கா சட்டம் போட்டது, அமெரிக்காவுக்கு விற்கிற தொழிற்சாலைகள் எல்லாச் சாமானிலும் அதைப் போடத் தொடங்கின, அந்தச் சாமான்தான் இங்கேயும் வந்தது. "இங்கிலாந்தில் செய்யப்பட்டது" என்று முழுதாக இருந்தால் அநேகமாக 20ஆம் நூற்றாண்டு. 1884க்குப் பிறகு சாய்சதுரத்துக்குப் பதில் பதிவு எண் வரத் தொடங்கியது, 1900 பிறக்கும்போது அந்த எண் மூன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. தேய்ந்த இடத்தில் ஒரு நீள எண் தெரிகிறதா என்று வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள்.

துண்டுகள். பச்சை விளிம்பு நெளிவு சுவாரசியமானது. இந்த விளிம்புக் கோப்பைகள் 1780கள் அளவில் தொடங்கி நீண்ட காலம் வந்தன. ஒழுங்கில்லாத நெளிவு ஆகப் பழையது, பிறகு ஒரே சீரான நெளிவு, கடைசியில் நெளிவே இல்லாத வட்ட விளிம்பு. நீலம் 19ஆம் நூற்றாண்டில் நெடுக வந்தது, பச்சை 1840க்குப் பிறகு அரிது. உங்களுடையது பச்சையும் நெளிவும் என்றால் கடைக் கொப்பியை விட அது ஒரு தலைமுறைக்கு மேல் பழையது, கடையோடு சம்பந்தமில்லை. வெள்ளைக்காரன் முல்லைத்தீவை ஒல்லாந்தனிடமிருந்து 1795 இல் எடுத்தவன், அதற்குப் பிறகு அங்கே ஆள் இருந்தது. 1803 என்று அடித்துச் சொல்ல ஒரு துண்டு காணாது, ஆனால் நேசன் அண்ணையின் பகிடி காலத்தால் அடிபட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, அந்த விளிம்புக் கோப்பைதான் பட்டியலில் அலங்காரம் போட்டவற்றுள் ஆக மலிவு. தோட்டத்திலும் கோட்டையிலும் அதுதான் கூட உடைந்து கிடக்கும்.

பஞ்சொற்றுப் பூவும் அந்த உருவமும் இங்கிலாந்து அல்ல. அது ஸ்பிங்ஸ், ஒல்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரத்துப் பெட்ரஸ் ரெகூ தொழிற்சாலையின் குறி. 1830களில் தொடங்கின தொழிற்சாலை, கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியது. இதற்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் பட்டியலைப் பிடிக்க முடியாது.

---

நெடுங்கேணி நேசன்:

பண்டாரவன்னியன் துண்டு உறுதி என்று எடுத்துக்கொள்கிறேன் 😄 எல்லாம் சரி, இன்னும் காசுக் கேள்விக்கு ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. கோப்பைக்கு என்ன விலை?

---

சுட்டமண்:

பழைய விலையை வைத்து இன்றைய விலை போடவே முடியாது, ஏனென்றால் வரிசையே மாறிவிட்டது. 1850களில் தடித்த வெள்ளை ஐயன்ஸ்டோன் கோப்பை அச்சுப் பதித்ததற்குச் சமமாக அல்லது கூட விலை போனது, இன்று அதைச் சும்மா கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்குவார்கள். அன்று அலங்காரக் குழிச் சாமான்களுள் ஆக மலிவாக இருந்த, மரம் மாதிரிச் சாயம் படர்ந்த பட்டை மக்குகளுக்கு இன்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்க ஆள் இருக்கிறது. மலிவானதைக் கவனமாக ஒருவரும் வைத்திருக்கவில்லை, எல்லாம் உடைந்துபோனது, மிஞ்சினதுக்கு விலை. 1870க்குப் பிந்திய சாதாரண நீலக் கோப்பை ஒன்றிரண்டு என்றால் பெரிய காசு எதிர்பார்க்க வேண்டாம், உலகம் முழுக்கக் கிடக்கிறது. ஸ்போட் தொழிற்சாலையின் இந்திய வேட்டைக் காட்சி மாதிரி 1800களின் தொடக்கத்து நீலம் என்றால் கதை வேறு, உங்களுடையது அது அல்ல.

பழைய விலை சொல்வது வேறு விசயம்: அந்தக் காலத்தில் யார் எதை வாங்க முடிந்தது என்பது. என் கண்ணுக்குக் கோப்பையை விடக் கொப்பிதான் பெரிய சொத்து. வன்னியில் ஒரு தமிழ்க் கடைக்காரர் வெள்ளை எத்தனை டசன் எடுத்தார், பூ எத்தனை டசன் எடுத்தார் என்று எழுதி வைத்திருக்கிறார், இதைப் போல எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? விற்கிற யோசனை இருந்தால் கோப்பையை விற்கலாம், கொப்பியை விற்காதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை ஆட்களிடம் காட்டலாம், கொடுக்காமல் படம் எடுக்க மட்டும் விடலாம்.

---

சில்லறைக்கணக்கு:

அதை நானும் சொல்ல நினைத்தேன். கடன் பக்கம் இருக்கிறதா தம்பி? "இன்னாருக்குக் கடன், நெல் தந்தபின்" என்று எழுதியிருப்பார்கள். கோப்பை காசுக்குப் போனதா, நெல்லுக்கும் தேனுக்கும் மெழுகுக்கும் போனதா என்று அதில்தான் தெரியும். நெல் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதால், அரசாங்க நிர்வாக அறிக்கைகளில் உள்ள நெல் விலையோடு ஒத்துப் பார்த்துக் காலத்தை இன்னும் நெருக்கமாகப் பிடிக்க வழி உண்டு, பீங்கான் விலையை விட அது நல்ல மணிக்கூடு.

---

முல்லைக்கரை:

கடன் பக்கம் இருக்கிறது ஐயா, பின்னாலிருந்து திருப்பி எழுதியிருக்கிறார். அவணக் கணக்கில் (நெல் அளக்கும் பழைய அளவு) நெல் வருகிறது. பெயர்கள் எல்லாம் இருப்பதால் அந்தப் பக்கங்களை இங்கே போடமாட்டேன், அந்தக் குடும்பங்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன. விலைப் பக்கங்களை மட்டும் படமாக எடுத்து நாளைக்குப் போடுகிறேன்.

பெரியம்மா கோப்பை விற்கச் சம்மதிக்கமாட்டா, அது முதலே தெரியும். அவ கேட்ட கேள்வி வேறு: 1875 கோப்பையில் சோறு போட்டுச் சாப்பிடலாமா?

---

தண்ணீரூற்று:

வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் காலத்து மினுக்கத்தில் ஈயம் சேர்த்தவர்கள். புளிக்கறி, ஊறுகாய், சூடான சொதி ஒன்றும் அதில் வைக்க வேண்டாம், மேற்பரப்பில் வெடிப்புக் கோடு ஓடியிருந்தால் கட்டாயம் வேண்டாம். அலுமாரியில் நிறுத்தி வைக்கலாம், அதற்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

---

சுட்டமண்:

அக்கா சொன்னது சரி. முல்லைக்கரை, படம் எடுக்கும்போது கோப்பை அங்குல அளவு எழுதியிருக்கும் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். 10 அங்குலமும் 8 அங்குலமும் கலந்து கிடந்தால் நான் மேலே போட்ட 1.5 என்ற விகிதத்தையே திருப்பிப் போட வேண்டி வரும்.